மண் மாதிரி

கேள்வி: சந்திரயான்-4 நிலாவில் இருந்து மூன்று கிலோ மண் மாதிரி எடுத்து வரப் போகிறதாம். செலவு 2,104 கோடி ரூபாய். இந்த மண் நமக்குத் தேவையா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், கோத்தகிரி

பதில்: பெயரை ஒளிக்கிற அளவுக்கு இதில் என்ன ராஜத் துரோகம் இருக்கிறது? சரி, இருக்கட்டும்.

'மண் மாதிரி' என்கிறீர்கள். மண்ணில் கொஞ்சமா, மண்ணைப் போல வேறொன்றா? இந்தக் குழப்பத்துக்குப் பயந்தே நான் சாம்பிள் என்று எழுதுவேன். உடனே குன்னூரில் இருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கார்டு போடுவார். பதினைந்து வருடமாகப் போடுகிறார். ஐயா, குன்னூரில் உட்கார்ந்துகொண்டு சாம்பிளை எதிர்க்கலாமா? ஏலத்துக்கு முன்னால் தேயிலை சாம்பிள் போய், ருசி பார்ப்பவர் சர்ரென்று உறிஞ்சித் துப்பிய பிறகுதானே உங்கள் ஊரில் மூட்டைக்கு விலை? அந்தத் துப்பலில் பச்சை இலை போட்ட சிறு விவசாயிக்கு என்ன மிஞ்சுகிறது என்று இதே பக்கத்தில் கேட்டுக் கேட்டு எனக்குத்தான் தொண்டை வற்றிவிட்டது.

'போல' என்கிற அர்த்தத்தில் பார்த்தால், நிலா மண் மாதிரி நம்மிடம் ஏற்கெனவே உண்டு. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கம் கிடக்கும் அனார்த்தோசைட் பாறை, நிலாவின் மேட்டு நிலப் பாறைக்கு ஒன்றுவிட்ட தம்பி. டன் கணக்கில் அதை அரைத்துக் கொட்டித்தான் சந்திரயான்-2 கருவிகளைப் பழக்கினார்கள்.

கிலோ 700 கோடி என்று இதற்குள் வகுத்துப் பார்த்திருப்பீர்கள். இலை எடை போட்டே வாழ்கிற மாவட்டம், வேறெப்படிக் கணக்குப் போடுவோம்? ஆனால் காசு மண்ணுக்கு இல்லை, திரும்பி வருவதற்கு. இறங்குவதை 2023-லேயே சந்திரயான்-3-ல் பார்த்துவிட்டோம். ஏறுவது? அதே விக்ரம் லேண்டர் ஒருமுறை எஞ்சினை முடுக்கி எழும்பிப் பார்த்தது. சுமார் 40 செ.மீ., ஒரு முழம்கூட இல்லை. இனி முழு வழியும் ஏறி வர வேண்டும். ஐந்து பாகங்கள் இரண்டு ராக்கெட்டில் போய், விண்வெளியில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் பிரிய வேண்டும். நம் மலை ரயிலுக்குக் குன்னூரில் எஞ்சின் மாற்றுகிறார்களே, கிட்டத்தட்ட அந்த வேலை. என்ன, பிளாட்பாரம் கிடையாது, கொடி காட்ட ஆளும் கிடையாது, இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆளில்லாமல் அள்ளி வருவது உலகத்துக்குப் புதிதில்லை. 1970-ல் சோவியத்தின் லூனா-16 கொண்டுவந்தது 101 கிராம். மொய் எழுதிய மாதிரி. (இது 'போல' மாதிரி.) 2020-ல் சீனாவின் சாங்கே-5 கொண்டுவந்தது 1,731 கிராம். அப்போலோ ஆட்கள் 382 கிலோ மூட்டை கட்டி வந்த பிறகு இது எதற்கு என்பீர்கள். அப்போலோவும் லூனாவும் எடுத்து வந்த எரிமலைப் பாறைகள் சுமார் 300 கோடி ஆண்டும் அதற்கு மேலும் பழையவை. சீனர்கள் வேறு இடத்தில் தோண்டினார்கள், 200 கோடி ஆண்டுப் பாறை கிடைத்தது. செத்துவிட்டதாக நாம் கணக்கெழுதிய நிலா, அதற்கப்புறமும் நூறு கோடி வருடம் குழம்பு கக்கியிருக்கிறது.

ஓர் இடத்தில் அள்ளினால் அந்த இடத்தின் சங்கதிதான் தெரியும். இது கோத்தகிரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் மண் பரிசோதனைக்குத் தோட்டத்தில் பத்து இடத்தில் 'வி' போலக் குழி வெட்டு, சுவரோரமாகச் சுரண்டு, எல்லாவற்றையும் கலந்து பரப்பி நான்காகப் பிரி, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளு, கடைசியில் மிஞ்சும் அரைக் கிலோவைத் துணிப்பையில் கட்டு என்கிறார்கள். என் கால் ஏக்கர் கேரட் தோட்டத்தில் நானும் சத்தியமாக அப்படியே செய்து, பெயர்ச்சீட்டு வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்து மண்வள அட்டை வந்தது. நெல்லுக்கு எவ்வளவு யூரியா என்று போட்டிருந்தது. ஆறாயிரம் அடி உயரத்தில் நெல்! போய்க் கேட்டேன்.

"பை மாறியிருக்கும் சார்."

மாறட்டும். சமவெளியில் எங்கோ ஒரு புண்ணியவான், முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, 'சுண்ணாம்பு இடவும், கேரட் பயிரிடலாம்' என்ற என் அட்டையைப் படித்திருப்பார். அவர் என்ன செய்தார் என்றுதான் தெரிய வேண்டும்.