தோழிகளோடு போன தீவில் தனியாக நின்றேன்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

எனக்கு வயது 36. சொந்த ஊர் ஈரோடு. ஒன்பது ஆண்டுகளாக நெதர்லாந்தில் வேலை. கோவையில் பொறியியல் படித்தபோது விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள் நான்கு பேர். இப்போது ஒருத்தி லண்டனில், ஒருத்தி ஃபிராங்ஃபர்ட்டில், ஒருத்தி சென்னையில். படிப்பு முடிந்த பிறகு நால்வரும் ஒரே கூரையின்கீழ் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. அந்தக் குறை தீர, கடந்த ஜூலையில் குடும்பங்களை விட்டுவிட்டுக் கிரேக்கத் தீவு ஒன்றுக்கு ஐந்து நாள் போனோம்.

எந்தத் தீவு என்ற பேச்சு வந்தபோது, “எனக்கு எதுவானாலும் சரி” என்றேன். லண்டன் தோழி இயோஸ் என்றாள். அங்கே விமான நிலையம் கிடையாது. சாண்டோரினியில் இறங்கிப் படகு பிடிக்க வேண்டும். படகு டிக்கெட், அறை, வாடகைக் கார் என்று எல்லா ஏற்பாட்டையும் நானே செய்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் தீவின் வடக்கே, பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் கல்லறை என்று ஊரார் காட்டும் இடத்துக்குப் போனோம். கற்கள், காற்று, கீழே கடல். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. விடுதிச் சாம்பாரைப் பற்றிப் பேசிப் பேசிக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். இந்த ஒரு பகலுக்காகவே வந்திருக்கிறோம் என்று தோன்றியது.

இரவுகள் வேறு மாதிரி இருந்தன. ஹோரா என்கிற மலையூர்தான் அங்கே எல்லாவற்றுக்கும் நடுவம். வண்டி நுழையாத வெள்ளைச் சந்துகள். பத்து மணிக்குச் சாப்பாடு, நள்ளிரவுக்குப் பிறகுதான் மதுக்கூடங்களில் கூட்டமே சேரும். நான் குடிப்பதில்லை. இரண்டு இரவுகள் விடியற்காலை நான்கு மணிவரை, பக்கத்தில் இருப்பவள் பேசுவதுகூடக் கேட்காத இசையில், கையில் ஒரு கோக் டம்ளரோடு நின்றேன். மூன்றாம் இரவு தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். உண்மையில் தலைவலி இல்லை. சென்னைத் தோழி, “நானும் உன்னோடு இருந்துவிடட்டுமா?” என்று கேட்டாள். “வேண்டாம், நீ போ” என்றேன். தூக்கமும் வரவில்லை. சந்தில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர்கள்தானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

விடியும் நேரத்தில்தான் கண்ணயர்ந்தேன். விழித்தபோது மணி பதினொன்று. அறையில் யாரும் இல்லை. தென்கோடியில் இருக்கும் மங்கனாரி கடற்கரைக்குப் போய்விட்டிருந்தார்கள். மேசைமேல் ஒரு ஸ்பனகோபிட்டா, கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுடும் பண்டம், காகிதத்தில் சுற்றி வைத்திருந்தது. பக்கத்தில் தலைவலி மாத்திரை. கைபேசியில் எங்கள் நால்வர் குழுவில் ஒரே வரி: “நீ நன்றாகத் தூங்கு.” என்னை எழுப்ப ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லையே என்று இருந்தது.

மாலையில் தனியாகப் படியேறி, ஊருக்கு மேலே இருக்கும் பனகியா கிரெமியோடிசா தேவாலயத்தின் முன்னால் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்த்தேன். அழுதுவிட்டேன். திரும்பி வந்தவர்கள் கடலைப் பற்றி ஆசையாகச் சொன்னபோது, “சரி” என்பதற்கு மேல் பேசவில்லை. மறுநாள் படகு ஏறும்வரை அப்படித்தான். “பிடிக்கவில்லை என்றால் முன்பே சொல்லியிருக்கலாமே” என்று லண்டன் தோழி முகத்துக்கு நேரே கேட்டாள். செலவைச் சமமாக நான்காகப் பிரித்தார்கள். அவர்கள் குடித்ததற்கும் சேர்த்துப் பணம் அனுப்பினேன்.

இரண்டு மாதம் ஆகிறது. குழுவில் மங்கனாரி படங்கள் வரும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது. பதினெட்டு வருட நட்பு. குழுவிலிருந்து விலகிவிடட்டுமா? நான்தான் அனுசரித்துப் போயிருக்க வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

ஹோமரின் கல்லறைவரை போயிருக்கிறீர்கள். அவர் அந்தத் தீவில் எப்படி இறந்தார் என்று ஒரு பழங்கதை உண்டு. இயோஸ் அவருடைய தாயின் ஊர் என்றும், அங்கே சிறுவர்கள் போடும் விடுகதையிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் முன்பே அவருக்குக் குறி சொல்லப்பட்டிருந்ததாம். கரையில் உட்கார்ந்திருந்தவர், மீன்பிடிக்கப் போய்த் திரும்பிய சிறுவர்களிடம் என்ன கிடைத்தது என்று கேட்டார். “பிடித்ததை விட்டுவிட்டோம், பிடிக்காததைக் கொண்டுவந்தோம்” என்றார்கள். மீன் கிடைக்காமல் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். கையில் சிக்கிய பேனை எறிந்துவிட்டார்கள், சிக்காதது தலையில் வந்தது. ஹோமரால் அதை விடுவிக்க முடியவில்லை.

தமிழில் சொல்லும்போது இந்த விடுகதைக்கு இன்னொரு பொருளும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அதுதான். உங்களுக்குப் பிடித்த பகலைத் தீவிலேயே விட்டுவிட்டு, பிடிக்காத இரவுகளை இரண்டு மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் வருத்தம் உண்மையானது. குடிக்காத ஒருத்தியிடம் மதுவின் செலவைச் சமமாக வாங்கியது சரியல்ல. அது அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். எல்லா ஏற்பாட்டையும் ஒருத்தியே செய்ததற்கு நன்றி சொன்னதாகவும் கடிதத்தில் இல்லை. இதையெல்லாம் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் உங்கள் கடிதத்தில் நீங்கள் வேகமாகக் கடந்துபோன ஓர் இடத்தில் நான் நின்றுவிட்டேன். அந்த மேசை. தலைவலி என்று சொன்னீர்கள், நம்பினார்கள். நான்கு மணிக்கு வந்து படுத்தவர்கள் காலையில் உணவும் மாத்திரையும் வாங்கி வைத்துவிட்டு, உங்கள் தூக்கம் கெடாமல் சத்தமின்றிக் கிளம்பியிருக்கிறார்கள். தலைவலி உண்மையாக இருந்திருந்தால், அதே காட்சியை என்னவென்று எழுதியிருப்பீர்கள்?

“எதுவானாலும் சரி”, “தலைவலி”, “வேண்டாம், நீ போ”. இந்த மூன்றும் உங்கள் மனதில் இருந்ததற்கு நேர்மாறானவை. சொல்லாமலே புரிந்துகொள்வதுதான் நெருக்கம் என்று நம்மில் பல பெண்கள் நினைத்து வளர்கிறோம். விடுதி அறையில் அது நடந்திருக்கும், ஏனென்றால் அங்கே நாள் முழுக்க ஒருவர் முகம் ஒருவர் கண்முன் இருந்தது. இத்தனை ஆண்டுகள் வேறுவேறு ஊர்களில் வாழ்ந்துவிட்டு வந்தவர்களுக்கு உங்கள் முகம் படிக்கத் தெரியாமல் போனதை அன்பின்மை என்று நான் சொல்லமாட்டேன்.

சென்னைத் தோழியின் கேள்வியையும் யோசியுங்கள். அவள் உங்களுக்காகக் கேட்டாளா, தனக்காகவா? ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1974-இல் எழுதிய ஓர் அனுபவம் இது. டெக்சாஸில் கடும் வெயில். அவர், மனைவி, மாமனார், மாமியார் என நான்கு பேர். குளிர்சாதனம் இல்லாத காரில் 53 மைல் தள்ளி இருக்கும் அபிலீன் ஊருக்குச் சாப்பிடப் போய் அலுத்துத் திரும்பினார்கள். பிறகுதான் தெரிந்தது, நால்வரில் ஒருவருக்குமே போக விருப்பம் இல்லை. மற்றவர்களுக்கு ஆசை என்று நினைத்தே ஒவ்வொருவரும் தலையாட்டியிருக்கிறார்கள். உங்கள் நால்வரில் நான்கு மணிவரை நிற்க உண்மையில் ஆசைப்பட்டவர்கள் எத்தனை பேர்? நீங்கள் அறையில் இருக்க விரும்புவதாக ஒளிவில்லாமல் சொல்லியிருந்தால் இன்னொருத்திக்கும் விடுதலை கிடைத்திருக்கக்கூடும்.

அனுசரித்துப் போயிருக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டியதில்லை. இரண்டு இரவுகளே அதிகம். இயோஸ் இரவுக்குப் பெயர் பெற்ற தீவு, அதை அனுபவிக்க வந்தவர்கள்மீதும் தவறில்லை. “பன்னிரண்டு மணிவரை வருகிறேன், பிறகு அறைக்குப் போய்விடுவேன், காலையில் நால்வரும் ஒன்றாகக் கடலுக்குப் போகலாம்” என்று முதல் நாளே சொல்லும் உரிமை உங்களுக்கு இருந்தது. அடுத்த பயணத்தில் மதுவின் கணக்கைத் தனியாக வைக்கச் சொல்வதும் அதே உரிமைதான். இந்தப் பயணத்தின் பணத்தை இப்போது கிளற வேண்டாம். மற்றப் பேச்சு முழுவதையும் அது விழுங்கிவிடும்.

குழுவிலிருந்து விலகாதீர்கள். குழுவில் எழுதவும் வேண்டாம், எழுத்தில் குரல் தெரியாது. முதலில் லண்டன் தோழிக்குத் தொலைபேசியில் பேசுங்கள். அவள் ஒருத்திதான் நேராகக் கேட்டவள், அவளிடம் நேராகப் பேச முடியும். “அன்று எனக்குத் தலைவலி இல்லை” என்று தொடங்குங்கள். அவர்கள் எல்லோரும் வந்து சேரும்வரை நீங்கள் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடந்ததையும் சொல்லுங்கள். அது அவர்கள் யாருக்கும் தெரியாது. அவள் கோபப்பட்டால் படட்டும், இரண்டு நாள் பேசாமல் இருந்தது அவளுக்கும் வலித்திருக்கும். அவள் சொல்லி முடித்த பிறகு, அந்த ஸ்பனகோபிட்டாவை யார் வாங்கி வைத்தது என்று கேளுங்கள்.