பொழுதுபோக்குக்குத்தானே, வாக்கி டாக்கிக்கு உரிமம் எதற்கு?

வேண்டும். நீங்கள் வாங்கிய 5 வாட் கைக்கருவியில் 145 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நண்பரோடு பேச, இருவருக்குமே அமெச்சூர் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் தேவை. "காசுக்குச் செய்யவில்லையே" என்கிறீர்கள். அந்த உரிமமே காசுக்குச் செய்யாதவர்களுக்காக வந்ததுதான்.

வாக்கி டாக்கிக்கு "உரிமம் தேவையில்லை" என்று எங்காவது படித்திருந்தால், அது அநேகமாக வேறு வகைக் கருவியைப் பற்றியதாக இருக்கும். உரிமம் இல்லாமலே பேசக்கூடிய அந்த வகைக்கு ஐரோப்பாவில் பிஎம்ஆர்446 என்று பெயர், அமெரிக்காவில் எஃப்ஆர்எஸ். முதலாவதற்கு உச்சவரம்பு 0.5 வாட், அடுத்ததற்கு 2 வாட்.

ஆன்டெனாவைத் திருகிப் பாருங்கள். கழன்று வந்தால் அது இந்த இரண்டிலும் சேராது. அப்புறம் பேட்டரியைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் எந்த வகைக்கு அனுமதி பெற்றது என்று பாருங்கள்.

பவரைக் குறைத்து, பிஎம்ஆர்446-இன் 446 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள் (சொல்லாமல் இருக்கவே மாட்டார்கள்). போதாது, விதி அலைவரிசைக்கு மட்டுமல்ல, கருவிக்கும் சேர்த்துத்தான்.

அமெச்சூர் உரிமத்துக்கான தேர்வு எழுதி உரிமம் வாங்கும்வரை பேசும் பொத்தானை அழுத்தாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். பல நாடுகளில் அதற்குத் தடையில்லை. சில நாடுகளில் கருவியை வைத்திருக்கவே அனுமதி வேண்டும், அதனால் உங்கள் நாட்டுத் தொலைத்தொடர்புத் துறையின் விதியை முதலில் படித்துவிடுங்கள்.