யாரைத்தான் நம்புவது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். இருபது வருடமாக ஒரு நாள் விடாமல் செய்தித்தாள் படித்தவன் நான். ஆறு மாதத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். ஒரே சம்பவத்தை இரண்டு சேனலில் பார்த்தால் இரண்டு வேறு உலகங்களில் நடந்ததுபோல் இருக்கிறது. அரசாங்கத்திடம் எதைக் கேட்டாலும் 'பாதுகாப்புக் காரணம்' என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். விசாரணைக் கமிஷன் போடுகிறார்கள், அறிக்கை வெளியே வருவதில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகள், "எல்லாரும் விலை போனவங்கதான்பா, இதுல படிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்கிறாள். ஆனால் அவளே, முன்பின் தெரியாத ஒருவர் செல்போனில் பேசும் வீடியோவை அப்படியே நம்புகிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. முன்பெல்லாம் மக்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அது திரும்பி வருமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் நான் மாறுபடுவது அந்தக் கடைசி வரிகளோடுதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முன்பு நம்பிக்கை இருந்தது என்பது உண்மைதான். அமெரிக்காவில் இதை நீண்ட காலமாகக் கேட்டுப் பதிவு செய்து வருகிறார்கள். மத்திய அரசு எப்போதும் அல்லது பெரும்பாலும் சரியானதைச் செய்யும் என்று 1958-ல் சொன்னவர்கள் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு. இன்றைக்கு அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்து நிற்கிறது. பத்திரிகை, தொலைக்காட்சிகளை நம்புகிறவர்கள் 1976-ல் நூற்றுக்கு 72 பேர், 2024-ல் 31 பேர். பார்த்தால் ஏதோ பொற்காலத்தை இழந்துவிட்டதுபோல்தான் தோன்றும்.

ஆனால் அந்த 1958-ல் என்ன நடந்துகொண்டிருந்தது? அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ பகுதியில் சிஃபிலிஸ் நோய் கண்ட 399 ஏழைக் கறுப்பினத்தவர்களை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932-லிருந்து கவனித்து வந்தது. சிகிச்சை தருவதாகச் சொல்லிவிட்டு, தராமல், நோய் முற்றினால் உடம்பு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக. 1940-களின் கடைசியில் அந்த நோயைக் குணமாக்கும் பென்சிலின் மருந்து எல்லாருக்கும் கிடைக்க ஆரம்பித்த பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. 1958-ல் அவர்களுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 25 வருடம் ஒத்துழைத்ததற்கு நன்றி என்று நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியின் கையெழுத்தோடு. கூடவே வருடத்துக்கு ஒரு டாலர் கணக்கில் 25 டாலர். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தவர்களும் அரசை நம்பியவர்கள்தான். அந்தத் துறையிலேயே வேலை பார்த்த ஒருவர் பொறுக்க முடியாமல் விஷயத்தைப் பத்திரிகையாளரிடம் கொண்டு போனார். 1972-ல் செய்தி வெளியானது. அதன் பிறகுதான் நிறுத்தினார்கள்.

செய்தி வந்ததால் நம்பிக்கை குறைந்தது. குறைந்தது நல்லதுதானே? ஏமாற்றப்பட்டவன் கண் திறந்ததை நோய் என்று சொல்ல என்னால் முடியாது. அந்த 1958-ஐ நான் திரும்பக் கேட்க மாட்டேன்.

சரி, அப்படியென்றால் உங்கள் மகள் சொல்வது சரியா? இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், அதற்கு ஒரு சம்பவம் தேவைப்படுகிறது.

1989 ஏப்ரல் 15. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் கால்பந்து அரையிறுதி. வெளியே நெரிசல் அதிகமானதும், பொறுப்பிலிருந்த போலீஸ் அதிகாரி ஒரு பெரிய வாயிற்கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே வந்தவர்கள் நேர் எதிரே தெரிந்த சுரங்க வழியில் போனார்கள். அது கொண்டுபோய் விட்டதோ கம்பி வேலி போட்ட, ஏற்கெனவே நிரம்பி வழிந்த பகுதிக்குள். 97 பேர் இறந்தார்கள், அவர்களில் கடைசி மனிதர் அன்றைய காயங்களோடு வாழ்ந்து 2021-ல் இறந்தவர். பத்து வயதுச் சிறுவனும் ஒருவன். கதவைத் திறக்கச் சொன்ன அதே அதிகாரி, ரசிகர்கள் அதை முட்டித் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள் என்று அன்று பிற்பகலிலேயே சொன்னார். அது பொய் என்று அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது 2015-ல்.

நான்கு நாள் கழித்து 'தி சன்' நாளிதழ் முதல் பக்கத்தில் 'உண்மை' என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டது. செத்துக் கிடந்தவர்களின் பையிலிருந்து ரசிகர்கள் திருடினார்கள், உதவிக்கு வந்த போலீஸாரின் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. இது வந்த வழியைப் பாருங்கள். ஷெஃபீல்டிலிருந்த ஒரு செய்தி முகமையிடம் சில போலீஸாரும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரும் சொன்னது. வேறு பத்திரிகைகளுக்கும் இதே சரக்கு வந்தது. அவற்றில் பல 'என்று குற்றச்சாட்டு' என்ற அளவில் போட்டன. இது மட்டும் உண்மை என்றே போட்டது.

இந்த இடத்தில் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இளம் வயதில் ஒரு நாளிதழின் இரவு டெஸ்க்கில் வேலை பார்த்தேன். ஒரு போராட்டம் பற்றிய போலீஸ் செய்திக்குறிப்பு, பக்கம் முடிக்கிற நேரத்தில் வந்தது. கூட்டம் கல் வீசியதாக அதில் இருந்தது. 'கல் வீசியதாக போலீஸ் தகவல்' என்று தலைப்பு எழுதினேன். இரண்டு பத்தி அகலத்துக்குள் அடங்கவில்லை. கடைசி இரண்டு சொல்லை எடுத்துவிட்டு 'கல் வீச்சு' என்று முடித்து அனுப்பினேன். யாரும் எனக்குக் காசு கொடுக்கவில்லை, மேலிருந்து போன் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, அங்கே இருந்தவர்களில் ஒருவர் மண்டையில் கட்டோடு அலுவலகத்துக்கு வந்தார். கையில் புகைப்படங்கள் வைத்திருந்தார். கல் எங்கிருந்து வந்தது என்பது அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் உள்பக்கத்தில் நான்கு வரி வருத்தம் போட்டோம். முதல் பக்கத்தில் படித்தவர்களில் எத்தனை பேர் அந்த நான்கு வரியைப் பார்த்திருப்பார்கள்? அந்த மனிதரின் முகம் இன்னும் மறக்கவில்லை.

பக்கச்சார்பு என்றாலே பணம் கைமாறியது என்று நினைக்கிறோம். அதுவும் நடக்கிறதுதான். ஆனால் பெரும்பாலும் அது நிருபரிடம் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்பதில் வருகிறது. அதிகாரியின் நம்பர் இருக்கும், அடிபட்டவரின் நம்பர் இருக்காது.

ஹில்ஸ்பரோவுக்கு வருகிறேன். அன்று பணியிலிருந்த போலீஸாரிடம், வழக்கமான குறிப்பேட்டில் எழுத வேண்டாம், நினைவில் இருப்பதை வெற்றுத் தாளில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அந்தத் தாள்கள் போலீஸ் தரப்பு வழக்கறிஞர்களிடம் போய்த் திரும்பின. 164 வாக்குமூலங்களில் பெரிய மாற்றங்கள் செய்திருந்தார்கள். அவற்றில் 116-ல் போலீஸ் நிர்வாகத்தைக் குறை சொல்லும் வரிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். இறந்தவர்கள் குடித்திருந்தார்களா என்று குழந்தைகளின் ரத்தத்தைக்கூடச் சோதித்தார்கள். அரசு நியமித்த விசாரணையை நடத்திய நீதிபதி டெய்லர் அதே வருடம் ஆகஸ்டிலேயே, முக்கியக் காரணம் போலீஸின் கட்டுப்பாடு தவறியதுதான் என்று எழுதிவிட்டார். அப்படியிருந்தும் 1991-ல் மரண விசாரணை 'விபத்து' என்று முடிந்தது.

இதற்கெல்லாம் பிறகு, 'எல்லாம் பொய், எல்லாரும் திருடர்கள்' என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார அந்தக் குடும்பங்களுக்கு நம் எல்லாரையும்விட அதிக உரிமை இருந்தது. அவர்கள் செய்தது வேறு. லிவர்பூல் மக்கள் அந்த ஒரு நாளிதழை வாங்குவதை நிறுத்தினார்கள். இன்றுவரை அந்நகரத்தில் பல கடைகளில் அதை விற்பதில்லை. மற்ற நாளிதழ்களை வாங்கிப் படித்தார்கள், எழுதியவர்களிடம் பேசினார்கள். ஒரு விசாரணை கைவிட்டது என்றால் இன்னொரு விசாரணை கேட்டார்கள். காகிதத்தைக் காட்டு, காகிதத்தைக் காட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2012-ல் சுயேச்சையான ஒரு குழு நாலரை லட்சம் பக்கங்களைப் பார்த்து அறிக்கை கொடுத்தது. அடித்துத் திருத்திய வாக்குமூலங்கள் அந்த ஆவணங்களுக்குள்ளேயே இருந்தன. 2016-ல் நடுவர் குழு, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை என்றது. 27 வருடம். அந்த மரணங்களுக்காக எந்தப் போலீஸ் அதிகாரிக்கும் தண்டனை கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். முழு நீதி கிடைத்தது என்று சொன்னால் அது பொய்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நம்பிக்கையையும் அவர்கள் அப்படித்தான் அளந்து போட்டார்கள், அவநம்பிக்கையையும் அளந்தே போட்டார்கள். உங்கள் மகள் அவநம்பிக்கையை மொத்தமாகக் கொட்டிவிட்டாள். கொட்டிய பிறகு கை காலியாகிவிடும், அப்போது யார் வந்து எதைக் கொடுத்தாலும் வாங்கத் தோன்றும். அந்த வீடியோ மனிதர் உள்ளே வந்தது இப்படித்தான்.

அதற்காக அவளை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கதவைச் சாத்தி வைத்தவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 1971-ல் வியட்நாம் போர் பற்றிய 7,000 பக்க ரகசிய ஆய்வு பத்திரிகைகளில் வெளிவந்தபோது, நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று அமெரிக்க அரசு நீதிமன்றம் போனது. உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. அரசுக்காக அங்கே வாதாடிய எர்வின் கிரிஸ்வோல்ட், 1989-ல் தானே ஒரு கட்டுரை எழுதினார். அந்த வெளியீட்டால் பாதுகாப்புக்குக் கேடு வந்ததற்கான தடயத்தைத் தான் பார்க்கவே இல்லை என்றார். ரகசிய முத்திரை குத்துகிறவர்களின் முதல் கவலை நாட்டைப் பற்றியது என்பதைவிட, அரசுக்குத் தலைகுனிவு வந்துவிடக்கூடாது என்பதுதான் என்றும் எழுதினார். அந்த ஆய்வு முழுமையாக, அதிகாரபூர்வமாக வெளியானது 2011-ல். நாற்பது வருடம்! சில விஷயங்கள் ரகசியமாக இருக்கத்தான் வேண்டும், போர்க்காலத்தில் படை நகர்வதை யாரும் அறிவித்துவிட்டுச் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் கமிஷன் அறிக்கை அந்த வகையில் சேராது. அறைக்குள் என்ன இருக்கிறது என்று காட்டாவிட்டால், வெளியே நிற்பவர்கள் ஆளுக்கொரு கதை கட்டத்தான் செய்வார்கள். அந்தக் கதைகளைப் பரப்புகிறவர்களைப் பிடித்து உள்ளே போடுவதைவிட அறையைத் திறந்து காட்டுவது சுலபம். ஸ்வீடன் 1766-லேயே அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைக் குடிமக்களுக்குச் சட்டமாகக் கொடுத்துவிட்டது.

மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். 'நம்பு' என்று சொல்லாதீர்கள், அவள் கேட்க மாட்டாள். ஒரு கேள்வியை மட்டும் கொடுங்கள்: தவறு செய்தால் இவர் எங்கே வந்து ஒப்புக்கொள்வார்? ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக வந்த தன்னுடைய செய்திகளைப் பற்றி 'நியூயார்க் டைம்ஸ்' 2004 மே மாதம் ஒரு குறிப்பு வெளியிட்டது. போதிய கண்டிப்போடு சரிபார்க்கவில்லை என்றது. பயமுறுத்தும் செய்திகளுக்கு முக்கிய இடம் கொடுத்துவிட்டு, அவற்றைக் கேள்வி கேட்ட செய்திகளைச் சில சமயம் உள்ளே புதைத்தோம் என்றும் ஒப்புக்கொண்டது. போர் தொடங்கி ஒரு வருடம் கழித்து வந்த ஒப்புதல், இறந்தவர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு. ஆனால் அந்தக் குறிப்பு கையில் இருப்பதால்தான் அவர்களை நிறுத்திக் கேட்க முடிகிறது. அந்த வீடியோ மனிதர் எப்போதாவது, போன மாதம் நான் சொன்னது தப்பு என்று வந்து சொல்லியிருக்கிறாரா? அவள் தேடிப் பார்க்கட்டும். சொல்லியிருந்தால் அவரையும் கொஞ்சம் நம்பலாம்.

அப்புறம், இருவரும் சேர்ந்து ஏதாவது ஒரு செய்தியை மட்டும் ஒரு மாதம் தொடர்ந்து பாருங்கள். தலைப்பில் 'என்று போலீஸ் தகவல்' இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா, பாதிக்கப்பட்டவர் ஒரு வரியாவது பேசுகிறாரா, மூன்றாவது வாரம் அது எந்தப் பக்கத்துக்குப் போயிருக்கிறது என்று அவளே பேனாவால் கோடு போடட்டும். அதற்கு வீட்டில் பேப்பர் வேண்டும். நாளையிலிருந்து மறுபடி போடச் சொல்லுங்கள். ஒன்று போதாது, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு.