வலி நின்றுவிட்டால் பல் பிழைத்ததாக அர்த்தமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஜெலுத்தோங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். இடது பக்கம் மேல்வரிசையில் இரண்டு பற்களில் செண்டோல் மாதிரி ஐஸ் போட்ட இனிப்போ ஐஸ் தண்ணீரோ பட்டால் சுரீர் என்கிறது. விழுங்கியதும் ஒன்றும் இல்லை. வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் பழைய சொத்தை. போன மாதம் அது சில இரவுகள் தூங்கவிடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக் கிராம்புத் தைலம் வைத்தேன். பிறகு வலி தானாகவே நின்றுவிட்டது. பல் மருத்துவர் பஞ்சில் குளிர்ச்சியாக ஏதோ தெளித்து அந்தப் பல்லில் வைத்தார். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் வேர் சிகிச்சை வேண்டும் என்று தேதி கொடுத்திருக்கிறார். வலிக்காத பல்லுக்கு எதற்குச் சிகிச்சை? வலிக்கிற பல்லை அல்லவா முதலில் பார்க்க வேண்டும்? எலும்பு மாதிரி இருக்கும் பல்லுக்கு வலி எங்கிருந்துதான் வருகிறது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பினாங்கு

பதில்: சகோதரி, அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். உங்களைத் துள்ள வைக்கும் இடது பக்கம் கொஞ்சம் பொறுக்கும். சத்தமில்லாமல் கிடக்கும் வலது பக்கம் பொறுக்காது. காரணம் புரிய, பல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

வெளியே தெரியும் வெள்ளை ஓடு எனாமல். எடையில் சுமார் 96 விழுக்காடு தாதுப்பொருள். அதில் உயிரணுவும் இல்லை, நரம்பும் இல்லை. அதற்கு அடியில் இளமஞ்சளாக இருப்பது டென்டின். பல்லின் பெரும்பகுதி இதுதான். இதில் தாது சுமார் 70 விழுக்காடு, கொலாஜன் முதலான புரதங்கள் 20, மீதி தண்ணீர். நடுவில் ஒரு சிறு அறை. அதற்குள் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மென்மையான பற்கூழ். அதன் விளிம்பு நெடுகிலும் ஓடோன்டோபிளாஸ்ட் என்னும் உயிரணுக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. டென்டினைக் கட்டியவை அவைதான். பல் முளைத்த பிறகும் வாழ்நாள் முழுவதும் உட்புறத்தில் மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. வயதானவர்களின் பற்கூழ் அறை சுருங்கிப்போவது இதனால்தான்.

டென்டின் பார்க்கத்தான் கெட்டி. நுண்ணோக்கியில் பார்த்தால் முழுக்க முழுக்கத் துளை. பற்கூழிலிருந்து வெளிநோக்கி ஓடும் நுண்குழல்கள், எனாமலை ஒட்டிய இடத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 20 ஆயிரம். பற்கூழை ஒட்டிய இடத்தில் 45 ஆயிரத்துக்கும் மேல். குழலின் வாயும் உள்ளே போகப் போக அகலமாகிறது. சொத்தை ஆழமாக ஆக வேகம் பிடிப்பதற்கு இது ஒரு காரணம். குழல்கள் அத்தனையிலும் திரவம் நிரம்பியிருக்கிறது.

உங்கள் இடது பக்கத்துச் சுரீர் இந்தத் திரவத்தின் வேலை. நரம்பு நுனிகள் குழல்களின் உள்முனையில் கொஞ்ச தூரம் மட்டுமே நுழைகின்றன. வெளிப்புற டென்டினில் நரம்பே கிடையாது. அப்படியிருக்க, அங்கே தொட்டால் ஏன் வலிக்க வேண்டும்? 1960-களில் சுவீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரன்ஸ்ட்ரோம் இதற்குச் சோதனைகளோடு ஒரு விளக்கம் தந்தார். குளிர்ச்சி பட்டால் குழலுக்குள் திரவம் சுருங்கி வெளிநோக்கி நகர்கிறது. காற்று ஊதினால் உலர்ந்து நகர்கிறது. அடர்ந்த சர்க்கரைப்பாகு அதை வெளியே இழுக்கிறது. அந்த நகர்வு உள்முனை நரம்பைச் சுண்டுகிறது. குளிர்ச்சி போனதும் நகர்வு நிற்கிறது, வலியும் நிற்கிறது. செண்டோலின் ஐஸும் குலா மெலாக்கா வெல்லப்பாகும் ஒரே கரண்டியில் சேர்ந்து வந்தால் கேட்க வேண்டுமா?

எனாமல் மூடியிருக்கும்வரை இந்தத் தொல்லை இல்லை. ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரிந்தால்தான் வம்பு. அங்கே எனாமல் கிடையாது. மெல்லிய சிமென்டம் படலம் மட்டும் உண்டு, அது எளிதில் தேய்ந்துவிடும். கரித்தூளையும் உப்பையும் வைத்துப் பல்லைத் தேய் தேய் என்று தேய்ப்பவர்களுக்கும், கெட்டித் தூரிகையால் குறுக்கே இழுப்பவர்களுக்கும் இது சீக்கிரம் வரும். புளிப்பும் டென்டினைக் கரைக்கும். நம் ஊரில் எலுமிச்சைச் சாற்றில் ஆசாம் போய் என்னும் உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பழத்தைப் போட்டு மணிக்கணக்கில் உறிஞ்சுகிறார்களே, அதைச் சொல்கிறேன். குடிப்பதானால் சாப்பாட்டோடு குடித்து முடித்துவிடுங்கள். குடித்த உடனே பல் துலக்காதீர்கள், ஓர் அரை மணி நேரமாவது போகட்டும். மென்மையான தூரிகைக்கு மாறுங்கள். பல்கூச்சத்துக்கென்று விற்கும் பற்பசைகளில் பொட்டாசியம் நைட்ரேட் உள்ளவை நரம்பை அமர்த்துகின்றன, ஸ்டேனஸ் ஃபுளோரைடு உள்ளவை குழல் வாய்களை அடைக்கின்றன. இரண்டுமே ஒரே நாளில் வேலை செய்யாது. சில வாரங்கள் விடாமல் பயன்படுத்த வேண்டும். ஆனால் சுரீர் என்பதற்கு விரிசல், சொத்தை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். அடுத்த வருகையின்போது மருத்துவரிடம் அந்த இரண்டு பற்களையும் காட்டிவிடுங்கள்.

இப்போது வலது பக்கம். சொத்தைக் கிருமிகள் மெதுவாக வந்தால் பல் சும்மா இருப்பதில்லை. குழல்களைத் தாதுப்பொருளால் அடைக்கிறது, உட்புறத்தில் அவசரமாகப் புது டென்டின் போடுகிறது. ஓடோன்டோபிளாஸ்ட்கள் மடிந்தால்கூடப் பற்கூழில் உள்ள மூல உயிரணுக்கள் அந்த வேலையை ஏற்கும். கிருமிகள் முந்திக்கொண்டால்தான் பற்கூழ் அழற்சி. கால் சுளுக்கினால் வீங்க இடமுண்டு. பற்கூழைச் சுற்றிலும் கெட்டிச் சுவர். இரத்தம் வந்துபோக வேர் நுனியில் மிகச் சிறிய வாய். வீங்க இடமில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைக்கு இரத்த ஓட்டம் கூடி இன்னும் ஏறும். இரவில் நீங்கள் எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். எதுவும் படாமலே விண்விண் என்று நெடுநேரம் தெறிக்கும் இந்த வலி பற்கூழ் நரம்புகளுடையது. குளிர்ச்சிக்கு வந்துபோகும் சுரீர் இதோடு சேராது.

கிராம்புத் தைலத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதில் உள்ள யூஜெனால் வலியைத் தணிக்கக்கூடியது. பல் மருத்துவர்களே தற்காலிக அடைப்புகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வலி முற்றிலும் நின்றதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு: வலியை உணர்ந்த நரம்பே செத்துப்போயிருக்கும். பஞ்சில் வைத்த குளிர்ச்சி உங்களுக்குத் தெரியாமல் போனது நல்ல செய்தி என்று நினைத்துவிட்டீர்கள். உயிருள்ள பல்லாக இருந்தால் 'சில்' என்று தெரிந்து உடனே மறைந்திருக்கும். எக்ஸ்ரே பார்க்காமல் நான் முடிவாகச் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மருத்துவர் சொல்வது சரியென்றே படுகிறது.

செத்த பற்கூழ் கிருமிகளுக்கு நல்ல விருந்து. அங்கே இரத்த ஓட்டம் இல்லாததால் ஆன்டிபயாடிக் மாத்திரையும் உள்ளே போய்ச் சேராது. கிருமி வேர் நுனி வழியாக இறங்கித் தாடை எலும்பை அரிக்கும், சீழ் கட்டும். மாதக்கணக்கில் வலியே இல்லாமலும் இது நடக்கும். தேதிக்கு முன்பே தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்று எது வந்தாலும் கிளினிக்குக்குக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால் அதைப் பல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சிகிச்சையில் செத்த கூழை எடுத்து, வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து அடைப்பார்கள். அடைக்கும் பொருள் பெரும்பாலும் கட்டா பெர்ச்சா, நம் மலாயாக் காடுகளில் வளரும் மரத்தின் பால். 19-ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டதும் இதைக் கொண்டுதான். கூழ் போனாலும் பல்லைத் தாடையோடு பிடித்திருக்கும் நார்கள் உயிரோடு இருக்கும். மெல்லும்போது அழுத்தம் உங்களுக்கு வழக்கம்போலத் தெரியும். ஆனால் சொத்தையும் சிகிச்சையும் சேர்ந்து கடைவாய்ப் பல்லின் சுவர்களை மெலியவைத்திருக்கும். அதனால் மேலே உறை போடச் சொல்வார்கள். செலவைப் பார்த்து அதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் பிளந்த பல்லோடு திரும்பி வருகிறார்கள். உறை போடும்வரை அந்தப் பக்கம் முறுக்கு கடிக்க வேண்டாம்.