பெயர் தெரியாத மென்பொருளை நீக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணினியில் ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்ற பெயரில் ஏழெட்டு பதிவுகள் உள்ளன. நான் எதையும் நிறுவவில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாமா?

பதில்: வேண்டாம். மற்ற மென்பொருள்கள் இயங்கத் தேவைப்படும் பொதுவான கோப்புகளின் தொகுப்புகள் அவை. பெயர் ஒன்றாக இருந்தாலும் அவை ஒன்றின் நகல்கள் அல்ல. நீங்கள் நிறுவிய விளையாட்டோ கணக்கு மென்பொருளோ தனக்குத் தேவையான பதிப்பைத் தன்னுடனேயே கொண்டுவந்து வைத்திருக்கும். பெயரில் ஆண்டாகக் குறிக்கப்படும் 2008, 2010, 2012, 2013 பதிப்புகள் தனித்தனியானவை. 2015-இலிருந்து வந்தவைதான் ஒரே குடும்பமாகச் சேர்கின்றன. 64 பிட் விண்டோஸிலும் 32 பிட் மென்பொருள்கள் இயங்குவதால், ஒரே ஆண்டுக்கு இரண்டு பதிவுகள் இருப்பதும் இயல்பே. 2010 பதிப்பை நீக்கிவிட்டால், அதை நம்பியிருக்கும் மென்பொருள் ‘எம்எஸ்விசிபி100.டிஎல்எல் இல்லை’ என்று கூறித் திறக்க மறுக்கும். மிச்சமாகும் இடமோ மிகச் சொற்பம்.

கேள்வி: நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலில் வெளியீட்டாளர் என்ற இடத்தில் பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தால் நம்பலாமா?

பதில்: அந்தப் பெயரை மட்டும் வைத்து நம்ப இயலாது. நிறுவும் கோப்பு ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் இடம்) எழுதி வைப்பதையே விண்டோஸ் அங்கே காட்டுகிறது, அதைச் சரிபார்ப்பதில்லை. மென்பொருளின் இயங்கு கோப்பை வலது சொடுக்கிட்டு, ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்பதைப் பாருங்கள். பட்டியலில் உள்ள நிறுவனமே அங்கும் கையொப்பமிட்டிருந்து, அந்தக் கையொப்பம் செல்லுபடியாகும் என்றும் காட்டினால் ஓரளவு நிம்மதி கொள்ளலாம். ஓரளவுதான்; 2017-இல் கணினியைத் துப்புரவாக்கும் சிசிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு, உள்ளே தீநிரல் புகுத்தப்பட்ட நிலையிலும், முறையான கையொப்பத்துடனேயே பயனர்களைச் சென்றடைந்தது. நிறுவிய தேதியையும் சேர்த்துப் பாருங்கள், ஆனால் புதுப்பிப்பு வரும்போது அத்தேதி மாறிவிடக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

கேள்வி: ‘பொன்ஷூர்’ என்று ஒன்று இருக்கிறது. வைரஸா?

பதில்: இல்லை. ஐடியூன்ஸுடன் பெரும்பாலும் சேர்ந்து வரும் ஆப்பிள் நிறுவனத்தின் சேவை அது. உள்வலையில் உள்ள பிரிண்டர் முதலிய சாதனங்களைத் தேடித் தருவது. ஐடியூன்ஸை நீக்கிய பின்னும் அது தங்கிவிடும். ஆப்பிள் மென்பொருள் எதுவும் உங்களிடம் இல்லையெனில் நீக்கலாம். அதன்பின் பிரிண்டர் தென்படவில்லையெனில் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவர் அப்பாவின் கணினியில் ‘எனிடெஸ்க்’ நிறுவச் செய்திருக்கிறார். அதை நீக்கிவிட்டால் போதுமா?

பதில்: போதாது, முதலில் செய்ய வேண்டியதும் அதுவன்று. எனிடெஸ்க் தன்னளவில் நேர்மையான தொலை இயக்க மென்பொருள்தான், பல அலுவலகங்கள் அன்றாடம் பயன்படுத்துவது. ஆனால் மோசடிக்காரர்கள் அதைக் கையாளும் விதம் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. கணினியின் இணைய இணைப்பை உடனே துண்டியுங்கள். பிறகு தொலைபேசியில் வங்கியையும், இணையவழி நிதி மோசடிகளுக்கான 1930 என்ற எண்ணையும் அழையுங்கள். பணம் கைமாறியிருந்தால் இதில் தாமதம் கூடாது. திரையில் தெரியும் இணைப்பு விவரங்களைப் படமெடுத்து வைத்துக்கொண்ட பின்னரே நீக்கத்தைத் தொடங்குங்கள், ஏனெனில் புகாருக்கு அவை சான்றாகும். எனிடெஸ்க் நிறுவாமலேயே இயங்கக்கூடியது என்பதால் பட்டியலில் காணப்படாமலும் போகலாம். எனவே பதிவிறக்கக் கோப்புறையையும் பாருங்கள். மோசடிக்காரர் வேறு எதையேனும் விட்டுச் சென்றிருக்கலாம் என்பதால், கணினியை வைரஸ் எதிர்ப்பு மென்பொருளால் முழுமையாகச் சோதியுங்கள். கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். அதே கணினியில் மாற்றினால் புதியதும் களவு போக வாய்ப்புண்டு.

கேள்வி: பழைய கணினியில் அடோபி ஃபிளாஷ் பிளேயர் உள்ளது. வைத்திருக்கலாமா?

பதில்: நீக்கிவிடுங்கள். அதற்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்றே முடிந்துவிட்டது. ‘ஃபிளாஷைப் புதுப்பியுங்கள்’ என்று எந்தத் தளமேனும் இன்று கேட்டால், அது போலி.