சாராயப் போத்தலில் தேன், டப்பாவில் மகரந்தம்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தேனைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

எல்லயிலிருந்து வெல்லவாய போகும் வீதியோரத்தில் சாராயப் போத்தலில் அடைத்த தேன் வாங்கினேன். விற்றவர் ஒரு கிளாஸ் தண்ணீரில் ஊற்றிக் காட்டினார், கரையாமல் அடியில் போய் நின்றது. தீக்குச்சியைத் தேனில் தோய்த்துப் பற்றவைத்தும் காட்டினார். பத்தே நாளில் மேலே வெள்ளை நுரை கட்டிவிட்டது. மூடியைத் திறந்தால் "டப்" என்று சத்தம். ஏமாந்துவிட்டேனா? (பண்டாரவளை வாசகர்)

அந்த இரண்டு சோதனைகளையும் முதலில் மறந்துவிடுங்கள். தண்ணீரில் அடியில் போய் நிற்பது கெட்டியான எந்தப் பாணிக்கும் உள்ள குணம். சீனியைக் கெட்டியாகக் காய்ச்சி ஊற்றினாலும் அப்படித்தான் நிற்கும். தீக்குச்சி பற்றுவதும் பற்றாததும் தேனில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, குச்சியை எவ்வளவு நேரம் தோய்த்தார் என்பதைப் பொறுத்தது. எறும்பு வராது, நாய் நக்காது என்பதெல்லாம் வெறும் பேச்சு. என் வீட்டு எறும்பு நல்ல தேனுக்கும் வரிசை கட்டி வருகிறது.

நுரைக்கு வருவோம். நம் நாட்டில் பெட்டியில் வளர்ப்பது ஆசியத் தேனீ. சிங்களத்தில் மீ மெஸ்ஸா என்பார்கள். மேலைநாட்டுத் தேனீயின் தேனைவிட இதன் தேன் பெரும்பாலும் தண்ணியாகவே இருக்கும். தேனீ தன் இறக்கையால் விசிறி ஈரத்தைக் குறைத்து, தேனடையின் அறையை மெழுகால் மூடிய பிறகு எடுத்தால்தான் அது முற்றிய தேன். மூடாத அறையிலிருந்து அவசரப்பட்டுப் பிழிந்தால் ஈரம் கூடி, தேன் புளித்து நுரைக்கும். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ், ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆகவே நுரை கட்டியதை மட்டும் வைத்து உங்கள் தேன் போலி என்று சொல்ல முடியாது. ஒன்று முற்றாத தேனை எடுத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் தண்ணீரோ பாணியோ கலந்திருக்கிறார்கள்.

இரண்டில் எது என்று ஓரளவு பிரித்தறிய ஒரு வழி உண்டு. போன வருஷம் நானும் இதே மாதிரி ஒரு போத்தல் வாங்கி ஏமாந்த பிறகுதான் இதைச் செய்து பார்த்தேன். தேன் போத்தலைக் கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவுள்ள வெறும் போத்தலைத் தனியாக நிறுத்து, முதல் எடையிலிருந்து கழியுங்கள். 750 மில்லிலீட்டர் நல்ல தேன் ஏறத்தாழ 1 கிலோ 50 கிராம் இருக்கும், ஏனென்றால் தேன் தண்ணீரைவிட 1.4 மடங்கு கனம். சாதாரணச் சீனிப் பாணியால் அந்தக் கனத்துக்கு வர முடியாது. தண்ணீரில் கரையக்கூடிய சீனிக்கு ஓர் எல்லை உண்டு, அதற்கு மேல் போனால் அடியில் கல்லாகப் படிந்துவிடும். அப்படி எல்லைவரை கரைத்த பாணியும் 750 மில்லிலீட்டருக்கு 1 கிலோவை ஒட்டித்தான் நிற்கும். நான் வாங்கியது 930 கிராம் காட்டியது. கடைக்காரத் தம்பி இரண்டு தரம் நிறுத்துப் பார்த்தார், முள் அசையவில்லை. தேன் விலை கொடுத்துத் தண்ணீரை வாங்கியிருந்தேன்.

ஆனால் எடை சரியாக வந்துவிட்டால் தேன் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் தயாரிக்கும் அரிசிப் பாகு, சோளப் பாகு போன்றவற்றைத் தேனின் கனத்துக்கே கொண்டுவரலாம். 2023இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதித் தேன் மாதிரிகள் 320இல் 147 சந்தேகத்துக்குரியவை என்று வந்தது. அவர்களுடைய ஆய்வுகூடங்களுக்கே சவாலாக இருப்பதை நாம் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துக் கண்டுபிடிக்கப் போவதில்லை. நம்மூரில் கலப்பது பெரும்பாலும் சீனிப் பாணியும் கித்துல் பாணியும்தான். கித்துல் என்றால் வெந்நீரில் ஒரு கரண்டி கரைத்து முகர்ந்து பாருங்கள், காய்ச்சிய பாணியின் புகை வாசம் பலநேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் இப்போது செய்வது இதுதான்: பெட்டியைக் கண்ணால் பார்த்த இடத்தில் மட்டும் வாங்குகிறேன். உங்கள் ஊரில் இருந்துகொண்டு வெல்லவாய வீதியில் தேன் தேடியிருக்க வேண்டியதே இல்லை. விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு பண்டாரவளை பிந்துனுவெவயில்தான் இருக்கிறது. பெட்டி வைத்திருப்பவர்கள் யார், எங்கே என்று அங்கே விசாரியுங்கள். தோட்டத்தில் டர்பன்டைன் என்று சொல்கிற யூகலிப்டஸ் மரங்கள் பூக்கும் காலத்தில் அந்தப் பக்கத்துப் பெட்டிகளில் தேன் நன்றாக இறங்கும். வாங்கும்போது வளர்ப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடை மூடின பிறகு எடுத்ததா?" தொழில் தெரிந்தவர் அந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்து அரைமணி நேரம் பேசுவார்.

உங்களிடம் உள்ள போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், புளிப்பு மெதுவாகும். புளிப்பு நெடி ஏற்கெனவே தூக்கலாக இருந்தால் கொட்டிவிடுங்கள்.

நுவரெலியாவில் சுப்பர் மார்க்கெட்டில் வாங்கிய தேன் அடியில் சீனி மாதிரி உறைந்துவிட்டது. சீனி கலப்படம்தானே?

அப்படி முடிவு கட்ட வேண்டாம். தேனில் உள்ள குளுக்கோஸ் குளிரில் மணி மணியாக உறையும். 14 பாகை அளவில்தான் அது வேகமாக நடக்கும், உங்கள் ஊர்க் குளிர் கிட்டத்தட்ட அதேதான். கைபொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் போத்தலை வையுங்கள், இளகிவிடும். அடுப்பில் நேரடியாக வைக்காதீர்கள், மணமும் குணமும் போய்விடும்.

எனக்கு ஏழு மாதப் பிள்ளை. சளியும் இருமலும். மாமியார் துளசிச் சாற்றில் தேன் குழைத்து நாக்கில் வைக்கச் சொல்கிறார். பிறந்தபோது சேனை வைத்ததும் தேன்தான், ஒன்றும் ஆகவில்லையே என்கிறார். (லிந்துல வாசகி)

வைக்காதீர்கள் தங்கச்சி. ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூட வேண்டாம். அசல் தேனாக இருந்தாலும், பெட்டியிலிருந்து உங்கள் கண்முன்னே எடுத்ததாக இருந்தாலும் வேண்டாம்.

தேனில் க்ளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைக்காமல் வெளியே போய்விடும். கைக்குழந்தையின் குடலுக்கு அந்தப் பலம் இன்னும் வரவில்லை. வித்து முளைத்து நஞ்சை விடும், அது நரம்பைத் தாக்கும். முதலில் மலம் இறுகும். அப்புறம் பால் உறிஞ்சச் சக்தி இருக்காது, அழுகுரல் மெலிந்துவிடும், கழுத்து துவளும், மூச்சே நின்றுபோகவும் கூடும். தேனைச் சூடாக்கினால் சரியாகிவிடுமா என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டு அடுப்புச் சூட்டுக்கு அந்த வித்துகள் சாகாது.

இது அபூர்வமாக வருகிற நோய். அதனால்தான் சேனை வைத்த ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாமல் போகிறது, வழக்கமும் தொடர்கிறது. உங்கள் மாமியார் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்ததைச் சொல்கிறார். சண்டை போடாமல் மருத்துவ மாது வீட்டுக்கு வரும்போது அவர் வாயாலேயே சொல்லவையுங்கள், மாமியார் கேட்பார். ஏழு மாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மூச்சு வேகமாக இருந்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. தேனின் மருத்துவப் பயன்களில் நான் தயங்காமல் சொல்லக்கூடியது இது.

சீனி வியாதிக்காரர் தேநீருக்குச் சீனிக்குப் பதில் தேன் போடலாமா?

போட்டால் சீனிக் கணக்கில் சேர்த்துத்தான் போட வேண்டும். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். ஒரு தேக்கரண்டித் தேனில் சுமார் 6 கிராம் சர்க்கரை இருக்கிறது, தட்டி அளந்த ஒரு தேக்கரண்டிச் சீனியோ 4 கிராம்தான். "இயற்கையானது, ஏறாது" என்று சொல்லி விற்பவரை நம்பி மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள். விற்றமின், தாதுச் சத்துக்கெல்லாம் தேனை நம்ப முடியாது, நாம் சாப்பிடும் அளவில் கிடைப்பது சொற்பம். ருசிக்காகச் சாப்பிடுங்கள், அதுவே நல்ல காரணம்தான்.

என் மகள் கொழுந்து பறிக்கிறாள். கிளினிக்கில் இரத்தம் குறைவு என்றார்கள். எங்கள் தோட்டத்துக்கு வந்து விற்கும் ஒரு பெண், தேனீ மகரந்தம் சாப்பிட்டால் இரத்தம் ஊறும், புரதம் முட்டையைவிட அதிகம், கிளினிக் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார். ஒரு டப்பாவின் விலை மகளின் பல நாள் பேருக்கு (நாள் சம்பளத்துக்கு) சமம். வாங்கலாமா? (மஸ்கெலியா வாசகி)

வேண்டாம் அக்கா. மாத்திரையை நிறுத்தச் சொன்னார் என்றதைப் படித்ததும் எனக்குப் பதறிவிட்டது. முதலில் மாத்திரை தொடரட்டும்.

மகரந்தம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தேனீ பூவிலிருந்து பின்னங்காலில் உருட்டிக் கொண்டுவரும் தூள் அது. பெட்டி வாசலில் சிறு துளைத் தகடு வைத்தால், தேனீ நுழையும்போது அந்த உருண்டைகள் உதிர்ந்து கீழே தட்டில் விழும். மஞ்சள், செம்மஞ்சள், சாம்பல் என்று பல நிறத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிய மணிகள். அவற்றை உலர்த்தி அடைக்கிறார்கள். சரியாக உலராவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

புரதம் அதிகம் என்று அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் மகரந்தத்தில் சுமார் 20 சதவீதம் புரதம் இருக்கும், பூவுக்குப் பூ மாறும். முட்டையில் 13 சதவீதம்தான். ஆனால் மகள் 100 கிராம் மகரந்தம் சாப்பிடப் போகிறாளா? ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்று வைத்தாலும் கிடைப்பது 1 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி நெத்தலிக் கருவாட்டில் அதைவிடவும் கூட. மகரந்த மணியின் மேலோடு கடினமானது, உள்ளே இருப்பது முழுவதும் நமக்குச் செரிப்பதுமில்லை. இரத்தம் ஊறும் என்பதற்கு மனிதரிடம் நிரூபித்த நம்பகமான ஆதாரமும் கிடையாது.

இன்னொன்று, ஒவ்வாமை. பூந்தூளால் தும்மல், இழுப்பு வருகிறவர்களுக்கு மகரந்தம் சாப்பிட்டு உடம்பு தடித்து மூச்சடைத்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்ப்பது நல்லது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அந்தக் காசுக்கு முட்டை, நெத்தலி, பருப்பு, கீரை வாங்குங்கள். மாத்திரை விழுங்கும்போதும் சாப்பாட்டோடும் பிளேன்டீ குடிக்கிறாளா என்று பாருங்கள். மலையில் பிறந்த நமக்கு இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் தேயிலை இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடட்டும். கீரையில் தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

ஏற்கெனவே டப்பா வாங்கிவிட்ட மற்ற வாசகர்களுக்கு: தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், எந்த நாட்டுப் பொருள், காலாவதித் திகதி, இவை லேபலில் இருக்கின்றனவா பாருங்கள். நோயைக் குணமாக்கும் என்று உணவுப் பொருளில் அச்சடித்திருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். விலை, தரம் பற்றிய முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கம் இருக்கிறது. எழுத்தில் கொடுப்பதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கியிருந்தால் வேலை சுலபம். தர மறுக்கிறவரிடம் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.