சராசரி விலையில் எங்களுக்கு டிக்கட் கிடைக்கவில்லை

"உள்நாட்டு விமான டிக்கட்டின் சராசரி விலை குறைந்துகொண்டே வருகிறதாமே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விலைவாசியைக் கழித்து, நீண்ட காலக் கணக்கில் பார்த்தால் உண்மைதான். ஆனால் அதை நம்பி வீட்டில் வயதானவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நீங்களும் எங்களைப் போல கொழும்பிலிருந்து சென்னைக்குப் போய், அங்கிருந்து உள்ளூர் விமானம் பிடித்துச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

அடிக்கடி எடுத்துக் காட்டப்படுவது அமெரிக்கக் கணக்கு. கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசாங்கம் தீர்மானிக்கும் முறையை முடிவுக்குக் கொண்டுவர 1978இல் அங்கே சட்டம் போட்டார்கள், அப்புறம்தான் போட்டி வந்தது. 1995இல் சராசரி உள்நாட்டு டிக்கட் 292 டொலர், 2023இல் 380 டொலர் சொச்சம். கூடித்தானே இருக்கிறது என்று தோன்றும், ஆனால் அந்த 292 டொலரை 2023 விலைவாசிக்கு மாற்றினால் 580 பக்கம் போகும், அதனால் குறைந்தது என்பது சரி. பலர் சொல்லாமல் விடுவது என்னவென்றால், அந்தச் சராசரியில் பெட்டிக்குத் தனியாக வாங்கும் காசு சேராது. 2008இலிருந்து அங்கே பெரிய கம்பனிகள் முதல் பெட்டிக்கே காசு வாங்க ஆரம்பித்துவிட்டன.

இந்தியாவிலும் 2003இல் எயார் டெக்கான், 2006இல் இண்டிகோ என்று மலிவு விமானங்கள் வந்தபோது விலை விழுந்தது. 2019 ஏப்ரலில் ஜெட் எயார்வேஸ் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது, அப்படி ஒரு கம்பனி போகும்போதெல்லாம் அது ஓடிய வழித்தடங்களில் விலை ஏறியது. எரிபொருள் பெரிய செலவு, விமானங்களின் வாடகையும் டொலரில், இவையும் விலையை ஏற்றும்.

சரி, இனி எங்கள் கதை. என் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, 1964ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்குள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். நீலகிரி மலையில் கோத்தகிரிப் பக்கம் போய் அங்கேயும் தேயிலையில்தான் வேலை. அவருக்கு உடம்பு மோசம் என்று தகவல் வந்தது. மாமாவின் மகன் போனில், "அத்தை, இப்பல்லாம் பஸ் காசுக்கு ஃப்ளைட் இருக்கு, யோசிக்காம வாங்க" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, ஒரு மாதம் கழித்து உள்ள திகதிக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். எங்களுக்கு வேண்டியது அடுத்த நாள் டிக்கட். சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு அவன் சொன்ன விலையைப் போல மூன்று மடங்கு, கொழும்பு–சென்னை டிக்கட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. சாகக் கிடக்கிறவரைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு மாதம் முன்னாடி எப்படி டிக்கட் எடுப்பது? முன்கூட்டியே திட்டம் போட்டுச் சுற்றுலா போகிறவர்கள் வாங்கும் மலிவு டிக்கட்டெல்லாம் சேர்ந்துதான் சராசரியைக் கீழே இழுக்கிறது. அவசரத்துக்குப் போகிறவனும் அதே சராசரிக்குள்தான் இருக்கிறான், ஆனால் அந்த விலை அவனுக்கு இல்லை.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். சென்னையிலிருந்து கோயம்புத்தூர் 500 கிலோமீட்டர், அதற்கு மேலே மலை ஏற வேண்டும். காலமெல்லாம் சரிவில் நின்று கொழுந்து எடுத்த முழங்கால் அம்மாவுடையது. ரயிலையும் பார்த்தோம், வெயிட்டிங் லிஸ்ட்.

அதற்கு மேலே பெட்டிப் பிரச்சினை. கொழும்பிலிருந்து வந்த விமானத்தில் அந்தப் பெட்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சென்னையில் உள்நாட்டு கவுண்டரில் 15 கிலோதான், மிச்சத்துக்குக் கிலோ கணக்கில் கட்டு என்றார்கள். தனித்தனி டிக்கட்டாக எடுத்தால் இப்படித்தான், ஒரே டிக்கட்டாக எடுத்திருந்தால் வெளிநாட்டுப் பயண எடையே கடைசி வரை செல்லும் என்று பிறகுதான் தெரிந்தது. எங்களிடம் கொமிஷன் வாங்கிய டவுன் டிராவல்ஸ்காரர் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்டதற்கு "அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். பெட்டியில் கனமாக இருந்தது தேயிலைத் தூள். கோத்தகிரிக்கே தேயிலையா என்று கேட்காதீர்கள், அது மாமா பிறந்த தோட்டத்துத் தூள். அம்மா எடுத்து வெளியே வைத்துவிடலாம் என்றார். நான் காசைக் கட்டினேன்.

இன்னொரு விஷயம், விலையை எந்தக் காசில் பார்க்கிறோம் என்பது. 2021இல் ஒரு இந்திய ரூபா நம் இலங்கைக் காசில் 2.70 அளவில் இருந்தது, 2022 நடுப்பகுதியில் நாலரையைத் தொட்டது. இந்தியாவில் 4000 ரூபா டிக்கட் அப்படியே 4000மாக இருந்தாலும் நமக்கு அது 10,800இலிருந்து 18,000க்கு ஏறிவிட்டது. பிறகு இறங்கியும் 14,000 ரூபா அளவில் வந்தது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 1350 ஆக்கினார்கள், அந்தச் சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் ஒருவழி டிக்கட்டுக்கே பத்து நாளுக்கு மேல் கொழுந்து எடுக்க வேண்டியிருந்தது. பொருளாதாரம் படித்தவர்கள் இதைச் சராசரியோடு ஒப்பிடக்கூடாது என்பார்கள். டிக்கட் வாங்குகிறவர் வேறு எதோடு ஒப்பிடுவார்?

நம் இலங்கையின் உள்நாட்டு விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் மலையகத்தில் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சீ பிளேன் வந்து இறங்குவதை ஹட்டன், நோர்வூட் பக்கம் எல்லாரும் பார்த்திருப்போம், அது உல்லாசப் பயணிகளுக்கு. விலையும் டொலரில்.

ரயிலையாவது எங்களுக்கு விட்டுவைத்தார்களா? பதுளை ரயிலில் ரிசர்வேஷன் திறந்த கொஞ்ச நேரத்தில் இடமெல்லாம் போய்விடும், பிறகு அதே இருக்கையை இடைத்தரகர்கள் எல்ல என்ற சுற்றுலா ஊருக்குப் போகும் வெளிநாட்டுக்காரர்களிடம் பல மடங்குக்கு விற்கிறார்கள். கட்டுநாயக்க விமான நிலையம் போவதற்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஹட்டனில் ஏறிய அன்று, அந்த வயதிலும் அவர் பாதி வழி நின்றுகொண்டே வந்தார். எங்கள் ஊர் வழியாக ஓடும் ரயில், எங்கள் தாத்தாமார் வெட்டிய மலை, எங்களுக்கு உட்கார இடம் இல்லை. கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் நேரடி விமானம் இருக்கிறது, போகிற ஊர் அந்தப் பக்கம் என்றால் உள்நாட்டு டிக்கட்டே வேண்டியதில்லை, மிச்சத்துக்கு பஸ் பிடிக்கலாம். சென்னை வழிதான் என்றால் கோயம்புத்தூர் வரை ஒரே டிக்கட்டாகக் கேளுங்கள், எடை எத்தனை கிலோ என்று டிக்கட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். போகிற திகதியையும் ஊரையும் கீழே எழுதினால் எது வசதி என்று சேர்ந்து பார்க்கலாம்.